கள்ளுக்கடையை மூடிய சேலத்து வக்கீல்: ராஜாஜியின் வாழ்க்கை நமக்குச் சொல்வது என்ன?

பங்சார் கடைவீதியில் இன்று ஆப்பிள் சைடர் பாட்டில்கள் வரிசையாக அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. ஆப்பிள் சாற்றைப் புளிக்க வைத்து, இஞ்சி, இலவங்கப்பட்டை, பெர்ரி பழம் என்று ஏதாவது ஒரு வாசனை சேர்த்த மதுபானம் இது. வீட்டிலேயே இதைச் செய்து பார்க்கும் ஆசையும் சிலருக்கு வந்திருக்கிறது. பேரங்காடியில் வாங்கிய ஆப்பிள் சாறு, கொஞ்சம் ஈஸ்ட், ஒரு கண்ணாடிக் குடுவை, இரண்டு மூன்று வாரப் பொறுமை. அவ்வளவுதான் என்று நண்பர்கள் சொல்லிக் கொடுக்கிறார்கள். உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது நம் நாட்டுக் கலால் சட்டப்படி குற்றம் என்பதைச் சொல்லிக் கொடுப்பவர்கள் குறைவு.

பெயர் புதிதாக இருந்தாலும் குடுவைக்குள் நடக்கும் வேலை நம் வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரிந்த பழைய வேலைதான். சாற்றில் உள்ள சர்க்கரையை ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர் தின்று, ஆல்கஹாலாகவும் கரிவளியாகவும் மாற்றுகிறது. தென்னம்பாளையிலிருந்து சொட்டும் இனிப்பு நீர் மாலைக்குள் கள்ளாக மாறுவதும் இதே வழியில்தான். இரண்டிலும் ஆல்கஹால் அளவு பெரும்பாலும் ஐந்து விழுக்காட்டை ஒட்டியே இருக்கும்.

பங்சாருக்குக் கள் புதிதல்ல. இன்று அடுக்குமாடிகள் நிற்கும் இடத்தில் ஒரு காலத்தில் ரப்பர் மரங்கள் நின்றன. புங்கே, கிரிசார் என்ற இரு ஐரோப்பிய முதலாளிகளின் பெயர்கள் சேர்ந்துதான் பங்சார் என்று ஆனதாகச் சொல்வார்கள். அந்தக் காலத் தோட்டங்களில் லயன் வீடுகள் இருந்தன, கோவில் இருந்தது, பல இடங்களில் பக்கத்திலேயே கள்ளுக்கடையும் இருந்தது. சம்பள நாள் மாலையில் பாதிக் கூலி அங்கேயே கரைந்துவிடும் வீடுகளின் கதை தோட்டத்தில் பிறந்த எல்லாருக்கும் தெரியும்.

தமிழர்களின் குடியைப் பற்றி நீண்ட காலம் சிந்தித்து, எழுதி, கடைசியில் சட்டமும் போட்டுப் பார்த்த ஒருவர் உண்டு. அவர்தான் ராஜாஜி என்று எல்லாரும் அறிந்த சக்கரவர்த்தி இராஜகோபாலாச்சாரி. நம் முன்னோர் பலர் கப்பலேறி வந்த அதே சேலம் மாவட்டத்தைச் சேர்ந்தவர். அவர் அங்கே செய்ததையும் அதே காலத்தில் இங்கே நடந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நமக்குப் பயன்படும் பாடம் ஒன்று கிடைக்கிறது.

தொரப்பள்ளிப் பையன், சேலத்து வக்கீல்

ராஜாஜி 1878 டிசம்பர் 10 அன்று ஓசூருக்குப் பக்கத்தில் உள்ள தொரப்பள்ளி என்னும் சிறிய கிராமத்தில் பிறந்தார். அந்தப் பகுதி அப்போது சேலம் மாவட்டத்தில் இருந்தது. தந்தை ஊர் முன்சீப். பெரிய சொத்து ஒன்றும் இல்லாத குடும்பம். பையனுக்குச் சிறு வயதிலேயே கண் பார்வை குறைவு. ஆனாலும் படிப்பில் கெட்டி. ஓசூரிலும் பெங்களூரிலும் படித்து, சென்னையில் சட்டம் முடித்து, 1900-இல் சேலத்தில் வக்கீல் தொழிலைத் தொடங்கினார்.

குற்ற வழக்குகளில் அவருக்குப் பெரிய பெயர் கிடைத்தது. வருமானமும் நன்றாக வந்தது. நீதிமன்றத்தில் நின்றவருக்கு, அடிதடி, கொலை, திருட்டு என்று வரும் வழக்குகள் பலவற்றின் அடியில் குடி இருப்பது தெரியாமல் இருந்திருக்காது.

வீட்டில் துக்கம் சீக்கிரமே வந்தது. நாற்பது வயதைத் தொடும் முன்பே மனைவி அலர்மேல் மங்கம்மாளை இழந்தார். ஐந்து பிள்ளைகள். அவர் மறுமணம் செய்துகொள்ளவில்லை. பிள்ளைகளை வளர்த்துக்கொண்டே ஊர்ப் பணியிலும் இறங்கினார். 1917-இல் சேலம் நகராட்சித் தலைவரானார். தாழ்த்தப்பட்டவர் என்று ஒதுக்கப்பட்ட மக்களுக்காக அப்போதே குரல் கொடுத்ததால் சொந்த சாதியினரின் கோபத்தையும் சம்பாதித்துக்கொண்டார்.

1919-இல் காந்தியடிகள் சென்னைக்கு வந்தபோது ராஜாஜியின் வீட்டில் தங்கினார். அந்தப் பழக்கம் அவர் வாழ்க்கையையே மாற்றியது. நல்ல வருமானம் தந்த வக்கீல் தொழிலை விட்டார். 1921 டிசம்பரில் சிறை சென்று மூன்று மாதம் வேலூர்ச் சிறையில் இருந்தார். அங்கே அவர் எழுதிய நாட்குறிப்பு பிறகு புத்தகமாக வந்தது.

வெட்டி வீழ்த்தப்பட்ட தென்னை மரங்கள்

அந்த 1921-ஆம் ஆண்டிலேயே தமிழ்நாட்டில் கள்ளுக்கடை மறியல் சூடு பிடித்திருந்தது. அப்போது கள்ளுக்கடைகளை அரசாங்கம் ஏலம் விட்டது. அதிகத் தொகை கொடுத்தவருக்குக் கடை. ஏலம் எடுத்தவர் போட்ட பணத்தை எடுக்க வேண்டுமானால் ஊரில் குடி பெருக வேண்டும். குடி பெருகினால் அடுத்த ஏலத்தொகையும் கூடும். அரசாங்கத்துக்கு நிலவரிக்கு அடுத்த பெரிய வருமானம் இதுதான். ஏழையின் கூலி கடைக்காரர் கைவழியாக அரசாங்கக் கஜானாவுக்குப் போய்ச் சேர்ந்தது.

ராஜாஜியின் நெருங்கிய நண்பராக அப்போது ஈரோட்டில் இருந்தவர் பெரியார் ஈ.வெ.ராமசாமி. கள் இறக்க உதவக்கூடாது என்று தம் தோப்பில் இருந்த 500-க்கும் மேற்பட்ட தென்னை மரங்களை அவர் வெட்டச் செய்தார். பெரியார் சிறைக்குப் போனபோது அவர் மனைவி நாகம்மையாரும் தங்கை கண்ணம்மாளும் மறியலுக்குத் தலைமை தாங்கினார்கள். கள்ளுக்கடையால் அதிகம் இழப்பவர்கள் பெண்கள்தான் என்பதால், அதை எதிர்த்துப் பெண்களே தெருவுக்கு வந்தது ஊரை அசைத்தது.

பிறகு அரசியலில் ராஜாஜியும் பெரியாரும் எதிரெதிர்ப் பக்கம் போனார்கள். நட்பு மட்டும் கடைசிவரை அறவில்லை. பெரியார் 1929 இறுதியில் மலாயாவுக்கு வந்ததை நம் மூத்த தலைமுறை இன்றும் நினைவில் வைத்திருக்கிறது.

திருச்செங்கோட்டுக் குடிசை

மரத்தை வெட்டுவதும் கடை வாசலில் நிற்பதும் தொடக்கம்தான் என்பது ராஜாஜிக்குத் தெரிந்திருந்தது. 1925 பிப்ரவரியில் திருச்செங்கோட்டுக்கு அருகே புதுப்பாளையத்தில், ஊர் ஜமீன்தார் கொடுத்த நிலத்தில் காந்தி ஆசிரமத்தைத் தொடங்கினார். கே. சந்தானம் போன்ற நண்பர்கள் துணைக்கு வந்தார்கள். நகரத்தில் வசதியாக வாழ்ந்த வக்கீல், பிள்ளைகளோடு சிறு குடிசையில் குடியேறினார்.

அந்தப் பகுதியில் மழை பொய்த்த ஆண்டுகள் பல. வயலில் வேலை இல்லாதவர்களுக்கு ஆசிரமம் பஞ்சு கொடுத்தது. பெண்கள் வீட்டிலிருந்தே நூல் நூற்றார்கள், ஆண்கள் நெய்தார்கள். வாரச் சந்தைக்குப் போகும் முன் கையில் நாலு காசு கிடைத்தது. நோய்க்கு மருந்து கொடுக்கப்பட்டது. தீண்டாமை கூடாது என்பது ஆசிரமத்தில் பேச்சோடு நிற்கவில்லை, எல்லாரும் ஒன்றாகவே சாப்பிட்டார்கள். இத்தனையும் செய்துகொண்டே தொண்டர்கள் ஊர் ஊராகப் போய்க் குடியை விடும்படி பேசினார்கள்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். வெறும் வயிற்றோடு இருப்பவனிடம் அறிவுரை மட்டும் சொன்னால் அது காதில் ஏறாது. முதலில் வேலை, பிறகு கூலி, அதற்குப் பிறகே குடியை விடும் பேச்சு. திருச்செங்கோட்டில் ராஜாஜி பிடித்த வரிசை இதுதான்.

1929-இல் ஆசிரமத்திலிருந்து விமோசனம் என்ற மாத இதழை அவர் தொடங்கினார். மதுவிலக்குக்காகவே வந்த தமிழ் இதழ் அது. உதவி ஆசிரியராக இருந்தவர், பின்னாளில் பொன்னியின் செல்வன் எழுதிய கல்கி. மொத்தம் பத்து இதழ்களே வந்தன. படிக்கத் தெரியாதவருக்கும் புரியும்படி படங்கள், சின்னச் சின்னக் கதைகள், கணக்குகள் அதில் இடம் பெற்றன.

ராஜாஜி நல்ல கதை எழுத்தாளரும்கூட. திக்கற்ற பார்வதி என்ற அவருடைய கதை, நன்றாக வாழத் தொடங்கிய ஒரு கிராமத்துக் குடும்பத்தைக் குடியும் கடனும் எப்படி உடைக்கின்றன என்பதைச் சொல்வது. குடிப்பவன் கணவன், விலை கொடுப்பவள் மனைவி. அவர் மறைந்த பிறகு 1974-இல் அது திரைப்படமாக வந்தது. நடிகை லட்சுமி பார்வதியாக நடித்தார். ராஜாஜி பிறந்த தொரப்பள்ளியிலேயே படம் பிடிக்கப்பட்டது.

1937 அக்டோபர் 1: சேலத்தில் கடைகள் மூடின

1937-இல் நடந்த தேர்தலில் காங்கிரஸ் வென்றது. ஜூலையில் ராஜாஜி சென்னை மாகாணத்தின் பிரதமரானார். இப்போது நாம் முதலமைச்சர் என்று சொல்லும் பதவிக்கு அன்று அதுதான் பெயர். பதவிக்கு வந்து மூன்று மாதம் முடிவதற்குள் மதுவிலக்குச் சட்டம் வந்தது. முதலில் சோதித்துப் பார்க்க அவர் தேர்ந்தெடுத்தது சொந்த மாவட்டமான சேலத்தை. இன்றைய நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி எல்லாம் சேர்ந்ததே அன்றைய சேலம் மாவட்டம். 1937 அக்டோபர் 1 அன்று அந்த மாவட்டம் முழுவதும் கள்ளுக்கடைகளும் சாராயக் கடைகளும் மூடப்பட்டன.

கடையை மூடினால் மட்டும் போதாது என்று அறிந்த அரசாங்கம் மாலை நேரத்தை எப்படி நிரப்புவது என்றும் யோசித்தது. கடைக்குப் போய்ப் பழகிய கால்களுக்கு வேறு ஓர் இடம் வேண்டுமே. விளையாட்டு, பஜனை, ஊர்க்கூட்டம், தேநீர் என்று பல ஏற்பாடுகள் நடந்தன. மிச்சப்பட்ட காசைச் சேமிக்கவும் சொல்லிக் கொடுக்கப்பட்டது.

மரமேறிகளின் பிழைப்பு என்ன ஆவது என்ற கேள்வி எழுந்தது. தலைமுறை தலைமுறையாகப் பனையும் தென்னையும் ஏறியவர்களுக்கு வேறு தொழில் தெரியாது. அதற்கு ஒரு பழைய வழி கையில் இருந்தது. பாளையில் கட்டும் பானையின் உள்ளே சுண்ணாம்பு தடவினால், இறங்கும் சாறு புளிக்காமல் பதநீராக நிற்கும். காய்ச்சினால் வெல்லம் ஆகும். சுண்ணாம்பு தடவாவிட்டால் அதே சாறு கள். மரமும் அதேதான், ஆளும் அதே ஆள்தான், ஒரு கை சுண்ணாம்பில் இருக்கிறது வித்தியாசம். மரமேறிகளைச் சேர்த்துக் கூட்டுறவுச் சங்கங்கள் அமைக்கப்பட்டு வெல்லம் காய்ச்சும் வேலை ஊக்குவிக்கப்பட்டது. எல்லாருக்கும் பழைய வருமானம் கிடைத்ததா என்றால் இல்லை. மதுவிலக்கின் சுமையை அதிகம் தாங்கியவர்கள் அந்தத் தொழிலாளர்கள்தான் என்பதையும் மறைக்கக் கூடாது.

அடுத்த ஆண்டு சித்தூர், கடப்பை மாவட்டங்களுக்கும், 1939-இல் வட ஆற்காட்டுக்கும் மதுவிலக்கு நீண்டது. அரசாங்க வருமானத்தில் விழுந்த ஓட்டையை அடைக்க ராஜாஜி 1939-இல் பொது விற்பனை வரியைக் கொண்டு வந்தார். இந்தியாவிலேயே அப்படிப்பட்ட பொது விற்பனை வரி அதுதான் முதல். வணிகர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். ஏழையின் குடியிலிருந்து வரும் பணத்தை விட, பொருள் வாங்குபவர் எல்லாரும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கும் பணம் மேல் என்று அவர் உறுதியாக நின்றார்.

அதே ஆட்சிக் காலத்தில் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கியதால் தமிழர்கள் பலரின் கோபத்துக்கும் ஆளானார். அந்த வடு அவர் பெயரை விட்டுப் போகவே இல்லை. 1939 அக்டோபரில், உலகப் போர் தொடங்கியதை ஒட்டிக் காங்கிரஸ் அமைச்சரவைகள் பதவி விலகின. ராஜாஜியும் விலகினார். போர்க்காலத்தில் ஆங்கிலேய ஆளுநர் ஆட்சி மதுவிலக்கை நிறுத்தி வைத்தது. மூடிய கடைகள் மறுபடி திறந்தன.

கடலுக்கு இந்தப் பக்கம் நடந்தது

இப்போது இந்தக் கரைக்கு வருவோம். சேலம், திருச்சி, வட ஆற்காடு, தஞ்சாவூர் மாவட்டங்களிலிருந்து வந்தவர்களே மலாயாத் தோட்டங்களில் பெரும்பான்மையான தொழிலாளர்கள். சேலத்துக் கிராமத்தில் அண்ணன் இருந்தான், கிள்ளான் தோட்டத்தில் தம்பி இருந்தான். 1937-க்குப் பிறகு அண்ணன் ஊரில் கள்ளுக்கடை மூடப்பட்டது. தம்பி வேலை செய்த தோட்டத்தில் அது திறந்தே கிடந்தது.

தோட்டத்துக் கள்ளுக்கடையால் நிர்வாகத்துக்கு வசதிகள் பல. தொழிலாளி வெளியே போக வேண்டியதில்லை. சம்பளத்தில் ஒரு பகுதி தோட்டத்துக்குள்ளேயே திரும்பி வந்துவிடும். களைத்த உடம்புக்குக் கள், விடிந்தால் மறுபடி பால்மரம். சங்கம், கூலி உயர்வு, பிள்ளைகளின் படிப்பு என்று யோசிக்க மாலையில் நேரம் மிச்சம் இருக்காது.

இதை முதலில் உரக்கச் சொன்னவர்களில் கிள்ளான் தொழிலாளர்கள் முக்கியமானவர்கள். 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பெரிய வேலைநிறுத்தம் வெடித்தது. கிள்ளான் வட்டார இந்தியர் சங்கமும், தமிழ் நேசன் பத்திரிகையில் பணியாற்றிய ஆர்.எச். நாதனும் அதற்கு முன்னின்றனர். சீனத் தொழிலாளர்களுக்குச் சமமான கூலி, பிள்ளைகளுக்குப் பள்ளி, நல்ல மருத்துவம், பெண்களுக்குப் பாதுகாப்பு, துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்க வேண்டிய அவமானத்துக்கு முடிவு என்று கோரிக்கைகள் நீண்டன. அந்தப் பட்டியலில் கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் ஒன்று.

குடிப்பவர்கள் என்று துரைமார் ஏளனம் செய்த அதே தொழிலாளர்கள்தான் கடையை மூடச் சொன்னார்கள். கூலி, பள்ளி, மானம், கள் ஆகிய நான்கும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டவை என்பதை அவர்கள் புரிந்துகொண்டிருந்தார்கள். திருச்செங்கோட்டுக் குடிசையில் ராஜாஜி கண்டதும் இதுதான்.

பதில் துப்பாக்கியாக வந்தது. மே மாதம் நாதன் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார். சிலாங்கூரில் அவசர நிலை அறிவிக்கப்பட்டு இராணுவம் வரவழைக்கப்பட்டது. தொழிலாளர்கள் ஐந்து பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். கள்ளுக்கடைகள் பிழைத்துக்கொண்டன. போருக்குப் பிறகு 1947-இல் கெடா மாநிலத் தோட்டங்களில் தொண்டர் படை இளைஞர்கள் கள்ளுக்கு எதிராக ஊர்வலம் போனார்கள். அவர்களையும் போலீஸ் அடக்கியது. தோட்டத்துக் கள்ளுக்கடை அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் தொடர்ந்தது.

அங்கே அரசாங்கமே கடையை மூடியது. இங்கே தொழிலாளர்கள் மூடச் சொல்லி உயிரையும் கொடுத்தார்கள், ஆனாலும் கடை மூடவில்லை.

கடை மூடியது, பானை வீட்டுக்குள் போனது

இந்தியா விடுதலை அடைந்த பிறகு, ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் ஆட்சியில், 1948-இல் சென்னை மாகாணம் முழுவதும் மதுவிலக்கு வந்தது. ராஜாஜி அப்போது இந்தியாவின் கவர்னர் ஜெனரல். அந்தப் பதவியில் அமர்ந்த ஒரே இந்தியர் அவர்தான். 1952-இல் சென்னைக்குத் திரும்பி மீண்டும் முதலமைச்சரானார். 1954-இல் அவர் கொண்டு வந்த கல்வித் திட்டத்துக்கு எழுந்த எதிர்ப்பில் பதவி விலகினார். பாதி நேரப் பள்ளி, பாதி நேரம் பெற்றோரின் தொழில் என்ற அந்தத் திட்டம் சாதித் தொழிலை நிலைநிறுத்தும் என்று தமிழர்கள் அஞ்சினார்கள். அதே ஆண்டில் பாரத ரத்னா விருதும் அவருக்குக் கிடைத்தது. இராமாயணத்தைத் தமிழில் எளிமையாகச் சொன்ன சக்கரவர்த்தித் திருமகன் நூலுக்காக 1958-இல் சாகித்ய அகாடமி பரிசு பெற்றார்.

மதுவிலக்கு நீடித்த அந்த ஆண்டுகளில் ஒரு புதிய தொல்லை வளர்ந்தது. கடை மூடியிருந்தது, ஆனால் குடி முழுவதும் போகவில்லை. பல ஊர்களில் அது வீட்டுக் கொல்லைக்கும் காட்டு ஓடைக்கும் இடம் மாறியது. வெல்லம், வேலம்பட்டை, கிடைத்த பழம் எல்லாவற்றையும் தண்ணீரில் போட்டு மண்ணில் புதைத்து வைப்பார்கள். இதற்கு ஊறல் என்று பெயர். சில நாளில் நுரைத்துப் புளிக்கும். பிறகு அடுப்பில் ஏற்றி வடிப்பார்கள். இதுவே கள்ளச்சாராயம். பங்சார் குடுவையில் ஆப்பிள் சாறு நுரைப்பதும், அந்தப் பானையில் ஊறல் நுரைப்பதும் ஒரே வேலைதான். வித்தியாசம் அதற்குப் பிறகு நடப்பதில் இருக்கிறது.

பழச்சாறு புளிக்கும்போது உண்டாகும் மெத்தனால் மிகச் சிறிது. உயிரைப் பறிப்பது பெரும்பாலும் வேறொன்று. கலப்படக்காரர்கள் லாபத்துக்காகத் தொழிற்சாலைகளில் பயன்படும் மெத்தனாலை மதுவில் கலந்து விற்பார்கள். பார்க்கவும் குடிக்கவும் சாதாரணச் சாராயம் போலவே இருக்கும். உடம்புக்குள் போனதும் அது நஞ்சாக மாறி முதலில் கண்ணைப் பறிக்கும், பிறகு உயிரை. 2018 செப்டம்பரில் நம் கிள்ளான் பள்ளத்தாக்கிலேயே இப்படிப்பட்ட மதுவால் 30-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். வெளிநாட்டுத் தொழிலாளர்கள் பலர் அதில் பலியானார்கள். 2024 ஜூனில் தமிழ்நாட்டின் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். நம் தோட்டங்களில் சம்சு குடித்துக் கண்ணையும் குடலையும் கெடுத்துக்கொண்டவர்களை நாம் அறியாதவர்கள் இல்லை. மலிவான போதைக்கு ஏழைகள் கொடுக்கும் விலை எப்போதும் அதிகம்.

ராஜாஜியை எதிர்த்தவர்கள் இதைச் சுட்டிக்காட்டினார்கள். சட்டம் குடியை ஒழிக்கவில்லை, ஒளித்து வைத்தது என்றார்கள். அதில் உண்மை இருக்கிறது. ஆனால் இன்னொரு பக்கமும் உண்டு. தெருமுனையில் கடை இருக்கும்போது குடிக்கத் தொடங்கும் இளைஞன், கடையே இல்லாத ஊரில் அதைத் தேடிக்கொண்டு போக வேண்டும். தேடிப் போகாதவர்கள் எத்தனையோ பேர் குடிக்காமலே வளர்ந்தார்கள். அந்த ஒரு தலைமுறைத் தாய்மார்களுக்கு மதுவிலக்கு பெரிய நிம்மதியாக இருந்தது.

92 வயதில் ஒரு வேண்டுகோள்

1967 தேர்தலில் ராஜாஜியின் சுதந்திராக் கட்சி தி.மு.க.வோடு கூட்டுச் சேர்ந்தது. இந்தியை ஒரு காலத்தில் கட்டாயமாக்கியவர், பின்னாளில் இந்தித் திணிப்பை எதிர்த்தது தமிழர்களுக்கு வியப்பாக இருந்தது. ஆனால் 1971-இல் தி.மு.க. அரசு, நிதி நெருக்கடியைக் காட்டி மதுவிலக்கைத் தளர்த்த முடிவு செய்தது. ராஜாஜிக்கு அப்போது 92 வயது. கொட்டும் மழையையும் பொருட்படுத்தாமல் முதலமைச்சர் கலைஞர் கருணாநிதியின் வீட்டுக்கே சென்று, வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதாகத் தமிழ்நாட்டில் இன்றும் சொல்வார்கள். ஒரு மாகாணத்தையும் பிறகு ஒரு நாட்டையும் ஆண்ட முதியவர், தன்னைவிட நாற்பத்தைந்து வயது இளைய முதல்வரிடம் தனக்காக எதுவும் கேட்கவில்லை.

வேண்டுகோள் பலிக்கவில்லை. 1971 ஆகஸ்டு இறுதியில் மதுவிலக்குத் தளர்ந்தது, கடைகள் திறந்தன. அடுத்த ஆண்டு, 1972 டிசம்பர் 25 அன்று ராஜாஜி சென்னையில் காலமானார். அவர் மறைந்த பின் அதே தி.மு.க. அரசு கடைகளை மறுபடி மூடியது. 1981-இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் அவை மீண்டும் திறந்தன. 1983-இல் டாஸ்மாக் நிறுவனம் உருவானது. 2003 முதல் சில்லறை விற்பனையையும் அரசே நடத்துகிறது. ஏலம் விட்ட அந்தக் கால அரசாங்கத்தைப் போலவே, இன்றைய தமிழ்நாட்டு அரசின் வருமானத்திலும் மதுவுக்குப் பெரிய பங்கு இருக்கிறது.

நமக்கு என்ன?

ராஜாஜியின் வாழ்க்கையில் நாம் ஏற்கக் கூடியதும் உண்டு, ஏற்க முடியாததும் உண்டு. மொழி விஷயத்திலும் கல்வி விஷயத்திலும் அவரோடு கடுமையாக முரண்பட்டவர்கள் நம்மிலும் அதிகம். ஆனால் குடியைப் பற்றி அவர் பிடித்த வரிசையைச் சற்று நினைத்துப் பார்க்கலாம். திருச்செங்கோட்டில் அவர் முதலில் கொடுத்தது பஞ்சும் கூலியும் மருந்தும். சேலத்தில் கடையை மூடியபோது மாலைக்கு விளையாட்டையும் மரமேறிக்கு வெல்லப் பானையையும் கூடவே வைத்தார். இவை இருந்தவரை சட்டத்துக்கு ஓரளவு பலம் இருந்தது. பிற்காலத்தில் சட்டம் மட்டும் மிஞ்சி மற்றவை தேய்ந்தபோது, பானை வீட்டுக் கொல்லைக்குப் போய்விட்டது.

நம் தோட்டங்களில் இது தலைகீழாக நடந்தது. பள்ளியும் மருத்துவமும் நல்ல கூலியும் வருவதற்கு முன்பே கள்ளுக்கடை வந்துவிட்டது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு நம்மவர்கள் நகரத்து அடுக்குமாடிகளுக்கு வந்தபோது, அந்தப் பழக்கமும் மூட்டையோடு கூடவே வந்தது.

பங்சாரில் ஆப்பிள் சைடரை ஒரு விருந்தில் ருசிப்பவர் வேறு, வாரக் கூலியைச் சம்சுவில் கரைப்பவர் வேறு. வசதி உள்ளவர் மறுநாள் வேலைக்குப் போய்விடுவார். வசதி இல்லாதவர் வீட்டில் அடுப்பு எரியாது. அதனால் குடி என்பது எல்லாருக்கும் ஒரே கேள்வி ஆகாது. யார் வீட்டில் அது எதை எடுத்துக்கொள்கிறது என்று பார்க்க வேண்டும்.

குடியை விடச் சொல்லும் கூட்டங்கள் நம் கோவில்களிலும் மண்டபங்களிலும் நடக்கின்றன. நல்லதுதான். அந்தக் கூட்டம் முடிந்து வீடு திரும்பும் இளைஞனுக்கு மாலையில் போக ஒரு திடல் இருக்கிறதா, நூல்நிலையம் இருக்கிறதா, கற்றுக்கொள்ள ஒரு கைத்தொழில் இருக்கிறதா என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும். சம்பளம் வாங்கும் கணவரும் வீட்டை நடத்தும் மனைவியும் சேர்ந்து உட்கார்ந்து கணக்குப் பார்க்கும் பழக்கம் இருக்கிறதா என்றும் கேட்கலாம். 1941-இல் கிள்ளான் தொழிலாளர்கள் கள்ளுக்கடையைத் தனியாகப் பேசவில்லை. கூலியோடும் பள்ளியோடும் மானத்தோடும் சேர்த்தே பேசினார்கள். இன்று நம் சங்கங்களும் கோவில் நிர்வாகங்களும் பெற்றோரும் அந்தப் பட்டியலை மறுபடி கையில் எடுத்தால், அந்த ஐந்து பேருக்கு நாம் செய்யும் மரியாதையாகவும் அது இருக்கும்.